ஆளில்லாத அறையிலிருந்து ஒரு ‘நெக்ஸ்ட்’

உடைமரத்தூரில் டாக்டர் குலசேகரன் மாரடைப்பில் செத்து, அவரைக் கொண்டுபோய் எரித்துவிட்டு வந்த மறுநாள் காலையில், கிளினிக்கைக் கூட்டிப் பெருக்கிச் சாவியை அவருடைய மச்சினரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று கதவைத் திறந்த முப்பிடாதி, உள்ளறையில் ஃபேன் ஓடுவதையும் டாக்டரின் நாற்காலி தானாக அரைவட்டம் திரும்பி நிற்பதையும் பார்த்தாள். அந்த நாற்காலியிலிருந்து, மனிதர் உயிரோடிருந்த காலமெல்லாம் எந்தச் சலிப்போடு சொன்னாரோ அதே சலிப்போடு, “நெக்ஸ்ட்” என்று குரல் வந்தது. “நான் கூட்டிப் பெருக்கத்தாம்லா வந்தேன், டாக்டரய்யா” என்றாள் முப்பிடாதி. குரல் மறுபடியும் “நெக்ஸ்ட்” என்றது. கூப்பிட்ட பிறகு போகாமலிருந்தால் மரியாதையாக இருக்காதே என்று துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். பிரஷர் பார்க்கிற பட்டை எழுந்து வந்து அவள் கையைச் சுற்றிக்கொண்டது, ஸ்டெதாஸ்கோப் சில்லென்று முதுகில் ஊர்ந்தது, பின்வாசல் கதவு திறந்தது, சந்தில் கால் வைத்தபோது பல வருஷமாக அவளைப் படுக்கவிடாமல் செய்த மூச்சிழுப்பு இல்லை.

இதை அவள் டீக்கடையில் போய்ச் சொன்னாள். செத்த மனுஷன் எப்படிப் பேசினார் என்று ஊரில் ஒருவரும் கேட்கவில்லை. உயிரோடிருந்தபோது சாதாரணச் சளிக்கே நாலு நடை அலையவிட்ட டாக்டர், செத்த பிறகு எப்படி இவ்வளவு கைராசிக்காரர் ஆனார் என்றும் கேட்கவில்லை. ஊருக்கு வந்த ஒரே ஆத்திரம், இத்தனை பெரிய மனிதர்கள் இருக்கிற ஊரில் முதன்முதலாக முப்பிடாதியைக் கூப்பிட்டுவிட்டாரே என்பதுதான். “டாக்டருக்கு ஆள் தரம் தெரியாமப் போச்சு பாத்தியா” என்று நடுத்தெருவில் பேசிக்கொண்டார்கள்.

அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை நெக்ஸ்ட் ஒன்றுதான். சலூனில் துண்டை உதறிக்கொண்டு நெக்ஸ்ட் என்பார்கள். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் தீர்ந்துபோனதை அறிவிக்கவும் நெக்ஸ்ட் என்பார்கள், அங்கே அதற்கு வீட்டுக்குப் போ என்று அர்த்தம். கல்யாணத் தரகர் ஒரு பெண்ணின் போட்டோவைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு நெக்ஸ்ட் என்பார். பந்தியில் சாப்பிடுகிறவன் பாயசத்துக்கு வருவதற்குள் அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, அவன் தலைக்கு மேலே மூச்சுவிட்டுக்கொண்டு நிற்கிற ஜனம் வாயால் சொல்லாவிட்டாலும் மனதுக்குள் சொல்லிக்கொண்டிருப்பது அதைத்தான். வரிசை என்பது மற்றவர்கள் நிற்பதற்கு, தான் புகுந்து போவதற்கு என்று பிறந்ததிலிருந்து நம்பி வந்த ஊருக்கு இந்த வார்த்தையின் மேல் அப்படி ஒரு பிரியம்.

சிமெண்ட் கடை லிங்கதுரையின் பெண்டாட்டி தங்கபுஷ்பத்துக்கு உடைமரத்தூரைப் பற்றி நல்ல அபிப்பிராயம் எதுவும் கிடையாது. வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து அவள் ஊரை மனதுக்குள் வைதுகொண்டேதான் இருக்கிறாள், வெளியே சிரித்த முகமாகக் காப்பி கொடுத்துக்கொண்டே வைவாள், அதனால் எல்லோரும் அவளைத் தங்கமான பெண் என்று சொன்னார்கள். வியாபாரிகள் சங்கத் தலைவர் வீட்டம்மா என்பதால் கல்யாண வீடுகளில் முன்வரிசையில் நாற்காலி போடுவார்கள். வீட்டுக்குள் அவளுக்கு முன்னால் மாமியார், புருஷன், கொழுந்தன், கடைப் பையன்கள், வந்த விருந்தாளி, வராத விருந்தாளி என்று எல்லோரும் சாப்பிட்டு எழுந்திருக்க வேண்டும். அவள் அதற்காக ஒருநாளும் அழுததில்லை. சட்டி வழிக்கிற சத்தத்தில் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் திட்டினால் அவளுக்குப் பாதி வயிறு நிறைந்துவிடும்.

இப்போது அவளுக்குத் திட்டித் தீராத ஒன்று வந்திருந்தது. இடது மார்பில் ஒரு கட்டி. முதலில் புளியங்கொட்டை அளவு இருந்தது. மாமியார் பிச்சைக்கனியிடம் சொன்னபோது, “அந்த எடத்துல கட்டின்னு வெளிய மூச்சுவிடாத, அசிங்கம்” என்று பதில் வந்தது. டாக்டர் சாவதற்குச் சில மாதங்களுக்கு முன்னால் அவரிடம் போனாள். எப்போதும் சீட்டெழுதுகிற காகிதத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் அந்த மனிதர், அன்றைக்குத் தொட்டுப் பார்த்துவிட்டு, “இது இங்க வச்சுப் பாக்கிற விஷயமில்ல. உடனே திருநெல்வேலிக்குப் போங்க” என்றார். போகாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்க அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் கதவைப் பார்த்து நெக்ஸ்ட் என்றுவிட்டார்.

லிங்கதுரை கெட்டவனில்லை. ஊர் அவனை நல்லவன் என்றே சொல்லும், ஊர் சொல்வதற்கு வேண்டிய நன்கொடைகளை அவன் கொடுத்துவந்தான். “நெக்ஸ்ட் மன்த் போலாம்” என்றான். அந்த மாதம் கம்பெனிக்காரர்கள் டீலர்களைக் கூட்டிக்கொண்டு கொடைக்கானல் போனார்கள். “நெக்ஸ்ட் மன்த்” என்றான். அந்த மாதம் சங்கத் தேர்தல் வந்தது. அதற்கடுத்த மாதம் கொழுந்தனுக்குப் பெண் பார்த்தார்கள், வீட்டில் ஆள் வேண்டாமா? தங்கபுஷ்பம் காலண்டரில் தாள் கிழித்துக்கொண்டே வந்தாள், அவன் சொன்ன மாதம் எந்தத் தாளுக்கு அடியிலும் இல்லை. கட்டி எலுமிச்சங்காய் அளவுக்கு வந்திருந்தது. முப்பிடாதிக்கு இழுப்பு நின்ற செய்தி வீட்டுக்கு வந்தபோது, தோசைக்கல்லை இறக்கி வைத்துவிட்டு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவள் நேராகக் கிளினிக்குக்கு நடந்தாள். எப்படியும் இந்த வாரத்துக்குள் உள்ளே போய்விடலாம் என்று நினைத்தாள், ஊரை அத்தனை வருஷம் வெறுத்தும் அதை அவள் சரியாக எடைபோட்டிருக்கவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோதே வரிசை கிளினிக் படியிலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நீண்டிருந்தது. குரல் காலையில் தொடங்கும், அந்தி சாய்ந்தால் நின்றுவிடும், ஒருநாளைக்கு ஒருசிலரைத்தான் கூப்பிடும். மறுநாள் காலையில் அவரவர் முன்னால் நின்ற முதுகைத் தேடிப் பிடித்து அதற்குப் பின்னால் நின்றுகொள்ள வேண்டியது. வராதவனுக்கு இடம் போயிற்று. புகுந்து போகிறவனுக்குக் கதவு திறக்காது, இழுத்தால் கைப்பிடியே சுவரில் வரைந்த படம் மாதிரி ஆகிவிடும். முதலில் புகுந்தவர் யூனியன் ஆபீஸ் சூப்பரிண்டெண்ட். அவர் சுவரைப் பிறாண்டிக்கொண்டு, “டாக்டர், நான்தான், நான்தான்” என்று கத்தியதை வரிசையே நின்று ரசித்தது, ரசித்த ஒவ்வொருவரும் தன் விஷயத்தில் அப்படி ஆகாது என்று நம்பினார்.

உடைமரத்தூர்க்காரர்கள் உடனே கூட்டம் போட்டார்கள். வியாபாரிகள் சங்கக் கட்டடத்தில், லிங்கதுரை தலைமையில், ‘நெக்ஸ்ட்’ என்றால் யார் என்று முடிவு செய்யக் கூட்டம். டியூட்டோரியல் காலேஜ் ஜெபராஜ் சாரை வரவழைத்து மைக்கைக் கொடுத்தார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இந்தச் சொல்லுக்குக் காலத்தால் பின்னால் வருவது என்று ஒரு பொருள், இடத்தால் பக்கத்தில் இருப்பது என்று ஒரு பொருள், பதவியில் ஒருபடி கீழே இருப்பது என்று ஒரு பொருள், ரத்த உறவில் நெருங்கியது என்று ஒரு பொருள் என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். அவ்வளவுதான், கூட்டத்துக்குத் தெம்பு வந்துவிட்டது. காலமென்றால் ஊரில் முதலில் வீடு கட்டியவர்கள்தான் முதலில் என்றார்கள் நடுத்தெருக்காரர்கள். இடமென்றால் கிளினிக்குக்கு ஒட்டின சுவர் எங்களுடையது என்றார் ஜவுளிக்கடைக்காரர். பதவி என்றதும் லிங்கதுரை தொண்டையைச் செருமினான். டாக்டரின் மச்சினர் எழுந்து, ரத்த உறவு என்று பார்த்தால் இந்தக் கிளினிக்கில் வேறு யாருக்கும் உரிமையே இல்லை என்றார். நோய் அதிகமாக இருக்கிறவர்கள் முதலில் என்று ஒரு பொருள் உண்டா என்று ஒருவரும் கேட்கவில்லை. டீ கொடுக்க வந்திருந்த தங்கபுஷ்பம் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள், தூ என்று துப்பவேண்டும் போலிருந்தது, தட்டில் டீ இருந்ததால் துப்பவில்லை. கூட்டம் எல்லாப் பொருள்களையும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டு கலைந்தது. மறுநாளும் குரல் வரிசையில் முன்னால் நின்றவரைத்தான் கூப்பிட்டது.

பிறகு செருப்பு போட ஆரம்பித்தார்கள். இது அந்த ஊரின் பழைய பழக்கம். தண்ணீர் லாரிக்குக் குடத்தை வைத்துவிட்டு, ரேஷனுக்குக் கல்லை வைத்துவிட்டு, டாக்டரிடம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வருவார்கள். கிளினிக் வரிசை பாதிக்கு மேல் செருப்பாகப் போனது. ஒருநாள் நண்பகலில் குரல் நெக்ஸ்ட் என்றபோது முன்னால் மனிதர் யாரும் இல்லை, ஜவுளிக்கடைக்காரரின் ரப்பர் செருப்பு ஜோடி மட்டும் இருந்தது. அது எழுந்து, வலதும் இடதுமாக எட்டு வைத்து, படியேறி உள்ளே போயிற்று. சற்று நேரத்தில் பின்வாசல் வழியாக வந்தபோது அறுந்த வார் ஒட்டியிருந்தது, தேய்ந்த குதிகால் வளர்ந்திருந்தது. ஜவுளிக்கடைக்காரருக்குச் சர்க்கரை அப்படியே இருந்தது.

மனிதர்கள் இதிலிருந்து ஏதாவது தெரிந்துகொண்டிருப்பார்கள் என்று நீங்கள் நினைத்தால் உடைமரத்தூருக்கு நீங்கள் வந்ததில்லை. அவர்கள் பழைய செருப்புகளைத் தேடி எடுத்து வரிசையில் போட்டார்கள். சீக்கு முக்கியமா செருப்பு முக்கியமா என்ற கேள்விக்கு, சீக்கு எங்கே போய்விடப் போகிறது என்று பதில் சொன்னார்கள். லிங்கதுரைக்குக் கால் பெருவிரலில் வீக்கம், ராத்திரியெல்லாம் முனகுவான். ஆனாலும் தலைவர் வரிசையில் நிற்பதாவது என்று அவனும் தன் தோல் செருப்பைத்தான் அனுப்பினான். அது பளபளவென்று திரும்பி வந்ததும் கடைக் கல்லாவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சிமெண்ட் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் காட்டினான். வீங்கின காலை ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு அவன் செருப்பின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவதைக் கேட்டபோது, இந்த மனுஷனோடு இத்தனை வருஷம் இருந்ததற்காகத் தன்மேலேயே தங்கபுஷ்பத்துக்கு வெறுப்பு வந்தது.

அவள் காலில்தான் நின்றாள். விடிந்ததும் வீட்டு வேலையை முடித்துவிட்டு, முன்னால் நின்ற முதுகைக் கண்டுபிடித்து நின்றுகொள்வாள். வெயிலில் நின்று நின்று கழுத்து கறுத்தது. கட்டி வலிக்க ஆரம்பித்திருந்தது, இடது கையைத் தூக்கினால் உயிர் போயிற்று. வரிசை நகர்ந்தது. அவளுக்கு முன்னால் இரண்டே பேர் மிச்சமிருந்த அன்று, மாமியார் ரிக்‌ஷாவில் வந்து இறங்கினாள்.

ஊர் இதற்குள் வேறொன்றைக் கண்டுபிடித்திருந்தது. வரிசையில் நிற்பவர் தானாக வாய்திறந்து, ‘என் இடத்தை இவருக்கு விட்டுக்கொடுக்கிறேன்’ என்று சொன்னால் குரல் அதை ஏற்றுக்கொண்டது. அந்த நாளிலிருந்து உடைமரத்தூரில் விட்டுக்கொடுத்தல் என்ற குணத்துக்கு வந்த மதிப்பைச் சொல்லி மாளாது. வேலைக்காரர்கள் முதலாளிக்கு விட்டுக்கொடுத்தார்கள், குடியிருப்பவர்கள் வீட்டுக்காரருக்கு விட்டுக்கொடுத்தார்கள், மருமகள்கள் எல்லோருக்கும் விட்டுக்கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் அதைப் பற்றிப் பேச்சுப்போட்டி வைத்தார்கள். விட்டுக்கொடுத்தவர் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும் என்பதைப் பேச்சுப்போட்டியில் யாரும் குறிப்பிடவில்லை.

“முட்டி கடுக்குது தங்கம்” என்றாள் பிச்சைக்கனி. “நீ சின்ன வயசுக்காரி, இன்னும் ரெண்டு நாள் நின்னா என்ன கொறஞ்சா போயிருவ?”

“எனக்குக் கட்டி பெருசாயிட்டு, அத்தை.”

“மெதுவாப் பேசு, ஆம்பளைய நிக்காங்க” என்றாள் மாமியார்.

தங்கபுஷ்பம் விட்டுக்கொடுத்தாள். வரிசையில் எல்லோரும், “என்ன இருந்தாலும் பெரிய வீட்டு மருமக” என்றார்கள். பிச்சைக்கனி பின்வாசல் வழியாகத் துள்ளிக்கொண்டு வந்து அன்றைக்கே கோயிலுக்கு நடந்து போனாள். தங்கபுஷ்பம் பஸ் ஸ்டாண்டில் போய்க் கடைசியில் நின்றாள். மறுபடி வெயில், மறுபடி முதுகுகள். அடுத்த தடவை படிக்கட்டு வரை வந்தபோது கொழுந்தன் வந்தான். அவனுக்கு முன்தலையில் முடி கொட்டிக்கொண்டிருந்தது, நிச்சயதார்த்தம் நெருங்கிவிட்டது. “மதினி, போட்டோ எடுக்கணும்லா” என்றான், வெட்கப்பட்டுக்கொண்டு. அவனுடைய மண்டையைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவள் தலையில் வேறெதுவோ ஓடிக்கொண்டிருக்கும்போதே வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது, விட்டுக்கொடுக்கிறேன் என்று. கொழுந்தன் காடாக முடி வளர்த்துக்கொண்டு வெளியே வந்தான். அவள் பஸ் ஸ்டாண்டை நோக்கி நடந்தபோது சேலைக்குள் ஏதோ ஈரமாக இருந்தது. ஒதுங்கிப் போய்ப் பார்த்தாள். கட்டி உடைந்து நீர் கசிந்துகொண்டிருந்தது.

அன்றைக்கு அவளுக்குப் பயம் வந்தது. இவ்வளவு நாளும் வந்தது கோபம், கோபத்துக்கு அவள் பழகியவள். இது வேறு. செத்துப்போனால் இந்த ஜனங்கள் என்ன செய்வார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். நடுவீட்டில் கிடத்தி, தங்கமான பெண், ஒருநாளும் முகம் கோணாதவள் என்று சொல்லி அழுவார்கள், தரகர் வந்து லிங்கதுரைக்கு முன்னால் போட்டோக்களைப் பரப்புவார். வரிசையின் கடைசியில் நின்றுகொண்டு, எனக்குச் சாக இஷ்டமில்லை என்று சத்தமாகவே சொன்னாள். முன்னால் நின்ற மனிதர் திரும்பிப் பார்த்துவிட்டு, பெண்களுக்கு வெயில் ஆகாது என்றார்.

முப்பிடாதி தினமும் கிளினிக் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். சம்பளம் யார் தருகிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, யாரும் தரவில்லை. அவள் தங்கபுஷ்பத்துக்குச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். “இந்த மட்டம் யாரு வரப்போறா உங்க வீட்லருந்து?” என்று கேட்டாள் ஒருநாள்.

“இன்னும் ஒரு ஆளுதாம் பாக்கி” என்றாள் தங்கபுஷ்பம்.

அந்த ஆள், அவளுக்கு முன்னால் ஒரே ஒருவர் நின்றுகொண்டிருந்த காலைநேரத்தில், கடையின் டெம்போவில் வந்து இறங்கினான். பெருவிரல் வீக்கம் கணுக்கால்வரை ஏறியிருந்தது, இரண்டு பையன்கள் தாங்கிப் பிடித்திருந்தார்கள். சங்கத்தில் ஆண்டுவிழா, மேடைக்கு நடந்து ஏற வேண்டும், தூக்கிக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள். அவன் நேராக அவளிடம் வரவில்லை. வழியில் வணக்கம் வைத்தவர்களுக்கெல்லாம் பதில் வணக்கம் வைத்து, ஜெபராஜ் சாரிடம் விழா அழைப்பிதழ் கிடைத்ததா என்று விசாரித்து, பிறகுதான் வந்தான். முன்னாலிருந்தவர் உள்ளே போனார். கதவு மூடியது. இனி அவள்தான்.

“ஏட்டி தங்கம், கால் உயிர் போகுது. சொல்லு” என்றான்.

“என்னத்தச் சொல்ல?”

“என்னத்தச் சொல்லவா? எல்லாருக்கும் சொன்னதத்தான். ஆளுக பாக்காங்க, சட்டுன்னு சொல்லு.”

“எனக்குக் கட்டி உடைஞ்சிட்டு” என்றாள் அவள், குரலைத் தாழ்த்தாமல். “மார்ல கட்டி. உடைஞ்சு ஒழுகுது.”

லிங்கதுரைக்கு முகம் சிவந்துவிட்டது. அவன் சுற்றிலும் பார்த்தான், வரிசையில் நின்ற ஆண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் செருப்புகளைக் குனிந்து பார்த்தார்கள். “அதுக்குத்தான திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறேம்னு சொல்லியிருக்கேன். நெக்ஸ்ட் மன்த் கட்டாயம் போறோம். விழா முடியட்டும்.”

“போக மாட்டிய.”

“என் வார்த்தைய நம்ப மாட்டியா?”

“மாட்டேன்.”

பின்னால் நின்றவர்கள் பேச ஆரம்பித்தார்கள். விட்டுக்கொடும்மா, புருஷன்தானே. தலைவர் வந்து நிக்கிறார், தாயி. ஒரு பெரிய மனுஷன் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கும்போது என்ன பேச்சு இது. பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவளின் தாயார் ஒருத்தி, விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்ற பொருளில் நீளமாக ஏதோ சொன்னாள். ஜெபராஜ் சார் கண்ணாடியைத் துடைத்தார். இந்த முகங்களையெல்லாம் தங்கபுஷ்பம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இத்தனை வருஷமாக இவர்கள் தன்னைத் தங்கம் என்று சொல்ல வேண்டுமென்றா சட்டி வழித்துத் தின்றோம் என்று நினைத்தாள், இவர்கள் சொன்னால் என்ன, சொல்லாவிட்டால் என்ன, இவர்கள் வாயிலிருந்து வருகிற நல்ல பேரை வைத்துக்கொண்டு ஒரு வேளைக் கஞ்சி காய்ச்ச முடியுமா?

லிங்கதுரை கடைசியாக ஒன்று கேட்டான். அதற்குமேல் எந்தப் பெண்ணும் நிற்கமாட்டாள் என்று அவனுக்குத் தெரியும், அவன் அப்பாவும் அதைத்தான் கேட்டிருப்பார், ஊரில் எல்லா வீட்டிலும் கடைசியாகக் கேட்கப்படுவது அதுதான், அதற்கு இதுவரை ஒரே பதில்தான் வந்திருக்கிறது. எல்லோரும் கேட்கும்படியாக, பாதி அழுகுரலில், “அப்போ என்னைவிட உன் உசுருதான் உனக்குப் பெருசா?” என்றான்.

“ஆமா” என்றாள் தங்கபுஷ்பம்.

தாங்கிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவன் கையை விட்டுவிட்டான், லிங்கதுரை ஒற்றைக் காலில் தள்ளாடினான். அப்போது உள்ளேயிருந்து அதே சலிப்புக் குரல் நெக்ஸ்ட் என்றது. கதவு திறந்தது. அவள் உள்ளே போனாள். அவள் பின்னாலேயே நுழையப் பார்த்த லிங்கதுரையின் மூக்கில் சுவர் இடித்தது.

உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. டெட்டால் வாசனை, மேஜைமேல் மருந்துக் கம்பெனிக்காரன் கொடுத்த காலண்டர், காலி நாற்காலி. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். டாக்டரின் பழக்கம் அவளுக்குத் தெரியும், இரண்டு வாக்கியத்துக்குமேல் பேசவிடமாட்டார், அதனால் வேகமாகச் சொன்னாள், இடது மார்பு, கட்டி, உடைந்துவிட்டது, வலி கைக்கு இறங்குகிறது. சொல்லி முடித்துக் காத்திருந்தாள். நெக்ஸ்ட் வரவில்லை. நாற்காலியும் அசையவில்லை.

சரி, இன்னும் கேட்கிறார் போலிருக்கிறது என்று எப்போது வந்தது, எவ்வளவு இருந்தது என்றெல்லாம் சொன்னாள். அப்போதும் நெக்ஸ்ட் வரவில்லை. மாமியார் சொன்னதைச் சொன்னாள். வராமல் போன மாதங்களைச் சொன்னாள். கொழுந்தனின் முடியைச் சொல்லும்போது சிரித்துவிட்டாள், சிரிக்கும்போதே அழுகை வந்தது, மூக்கைச் சிந்திக்கொண்டு தொடர்ந்தாள். இதுவரை சட்டி சத்தத்துக்கு மட்டும் கேட்ட வசவுகளையெல்லாம் இப்போது பெயர் பெயராக, தெருத் தெருவாக, தன் குரலில் சொன்னாள். கடைசியில் நாற்காலியைப் பார்த்துக் கையை நீட்டினாள். “நீங்க மட்டும் என்னவாம்? போகலைன்னா செத்துருவியன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா? நான் வாயத் தொறக்கதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்பிட்டியள்லா, என் மூஞ்சிய ஒருதரம் ஏறிட்டுப் பாத்தியளா?”

நாற்காலி மெதுவாகத் திரும்பி, முழுதாக அவளுக்கு நேராக நின்றது. வெகுநேரம் அப்படியே நின்றது. பிறகு ஏதோ சில்லென்று அவள் மார்பில் தொட்டது, பெரிய முள்ளை அடியோடு பிடுங்குவதுபோல ஒரு வலி, அவள் ஸ்டூலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். கையை வைத்துப் பார்த்தாள். ஈரம் இல்லை. அழுத்திப் பார்த்தாள், சந்தேகமாக மறுபடியும் அழுத்திப் பார்த்தாள். ஒன்றுமில்லை. இடது கையைத் தலைக்குமேலே தூக்கினாள், அது வலிக்காமல் மேலே போயிற்று.

பின்வாசல் திறந்தேதான் இருந்தது. அவள் அவசரப்படாமல் சேலையைச் சரிசெய்தாள், கொண்டையை அவிழ்த்து இரண்டு கையாலும் முடிந்தாள், மேஜைமேல் இருந்த ஜாடியிலிருந்து தண்ணீர் குடித்தாள். அதுவரையில் அந்தக் குரல் காத்துக்கொண்டிருந்தது. அவள் சந்தில் கால் வைத்துச் சற்றுத் தூரம் போன பிறகுதான் உள்ளே அடுத்த ஆளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

அவளுக்குப் பசித்தது. சந்து முடிகிற இடத்தில் பரோட்டாக் கடை, ஆண்கள் மட்டும் உட்காருகிற கடை. அவள் உள்ளே போய்ச் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, “ரெண்டு பரோட்டா வைங்க” என்றாள். கல்லில் மாவு வீசிக்கொண்டிருந்தவர் வீசுவதை நிறுத்தினார். அவளுக்கு முன்னாலேயே செய்தி வந்து சேர்ந்திருந்தது. செத்தவர் வைத்தியம் பார்த்தபோதும் கண்ணிமைக்காத ஜனம், கையில் பிய்த்த துண்டோடு, வாயைத் திறந்துகொண்டு அவளைப் பார்த்தது. தெருவிலிருந்து இன்னும் நாலு பேர் வாசலில் வந்து நின்றார்கள், ஒருவர் தோளுக்குமேல் ஒருவர் எட்டிப் பார்த்தார்கள்.

கடைக்காரர் இலையைப் போட்டு, பரோட்டாவை வைத்து, சால்னா வாளியைக் கையில் பிடித்துக்கொண்டே ஊற்றாமல் நின்றார்.

“யம்மா, கேக்கேன்னு தப்பா நெனைக்காதீங்க. அண்ணாச்சி அப்பிடிக் கேட்டதுக்கு நீங்க ஆமான்னு சொல்லிட்டியளாமே, நெசந்தானா?”

“ஆமா” என்றாள் தங்கபுஷ்பம். “ஊத்துங்க, ஆறுது.”